அறிபவரும் அறிகருவியும்: நினைவு தளரும் முதுமையில் மறுவாழ்வின் பொருள்

முதுமையில் நினைவு தளரத் தொடங்கும்போது தேய்வது அந்த மனிதரா, அல்லது அவர் இதுவரை கையாண்டுவந்த ஒரு கருவியா என்ற வினாவுக்கு எந்த விடை ஏற்கப்படுகிறதோ, அதைப் பொறுத்தே அவருக்குச் செய்யப்படும் உதவியின் நோக்கமும் அளவும் அமைகின்றன. மருத்துவம் இவ்வினாவைத் தத்துவத்திடம் ஒப்படைத்துவிட்டுத் தன் வேலையைத் தொடர முடியும் என்று தோன்றலாம். ஆனால் எதை மீட்பது, யாருக்காக மீட்பது, எதை மீட்சி என்று ஏற்பது என முடிவு செய்யவேண்டிய இடத்தில் மருத்துவரும் குடும்பத்தாரும் அதே வினாவின் முன் வந்து நிற்கிறார்கள். கேரளத்தின் தென்கோடியில் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட எல்லைக் கிராமங்களை முன்வைத்து இவ்வினாவை ஆராய்வதற்குத் தக்க காரணம் உண்டு. அறிவு என்பது என்ன, அறிகின்றவர் யார் என்று கேட்ட சமய மரபுகள் அம்மண்ணில் ஆழ வேரூன்றியவை. அங்கு வாழும் முதியோரின் நினைவும் ஒரு மொழிக்குள் அடங்குவதன்று.

மருத்துவர்கள் லேசான அறிதிறன் குறைபாடு என்று அழைக்கும் நிலை, இயல்பான முதுமைக்கும் டிமென்ஷியா எனப்படும் மறதிநோய்க்கும் இடையில் உள்ளது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ரொனால்ட் பீட்டர்சனும் அவருடைய குழுவினரும் 1999-இல் இதற்குத் தெளிவான வரையறை தந்தனர்: நினைவு குறைவதை அந்த மனிதரோ உடனிருப்பவரோ உணர்ந்திருக்க வேண்டும், வயதுக்கும் கல்விக்கும் உரிய அளவைவிட நினைவு குறைந்திருப்பது சோதனையில் தெரிய வேண்டும், அன்றாட வாழ்க்கையை நடத்தும் திறன் பெரும்பாலும் குலையாதிருக்க வேண்டும். நினைவைத் தவிர கவனம், மொழி, திட்டமிடல் போன்ற திறன்களின் தளர்ச்சியையும் சேர்த்துக்கொண்டு இவ்வரையறை பின்னர் விரிந்தது. நினைவு மருத்துவகங்களுக்கு வரும் இத்தகையோரில் ஆண்டுக்குப் பத்து முதல் பதினைந்து விழுக்காட்டினர் மறதிநோயை அடைகின்றனர் என்று பீட்டர்சன் குழுவினர் கண்டனர். ஊர்மக்களிடையே நடத்தப்பட்ட ஆய்வுகளில் இவ்விகிதம் இதைவிடக் குறைவாகவே இருக்கிறது. ஒரு பகுதியினர் இயல்பு நிலைக்கே திரும்புகின்றனர். பி-12 உயிர்ச்சத்துக் குறைவு, தைராய்டு சுரப்பியின் சோர்வு, மனச்சோர்வு, உறக்கக் கேடு, காது மந்தம், சில மருந்துகளின் விளைவு ஆகியவையும் இந்நிலையை உண்டாக்கக்கூடும் என்பதால், இவற்றைச் சோதித்துப் பார்க்காமல் வயதின் மேல் பழியைப் போட்டுவிடுவது அறியாமை மட்டுமன்று, அநீதியும் ஆகும்.

இந்த எல்லைக் கிராமங்களின் வரலாறு நினைவைப் பற்றிய ஆய்வில் வெறும் பின்னணியாக நின்றுவிடுவதில்லை. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, திருவிதாங்கூரின் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. எல்லையூரான களியக்காவிளையில் ஒரு பக்கத்தில் தமிழும் மறுபக்கத்தில் மலையாளமும் ஆட்சிமொழியாயின. ஆனால் திருமண உறவும், சந்தையும், பனையேற்றும், கோயில் திருவிழாவும் அந்த எல்லைக்கோட்டுக்குக் கட்டுப்படவில்லை. 1947-இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையின் தென்திருவிதாங்கூர்ப் பேராயம்கூட 1959-இல் தென்கேரளம், கன்னியாகுமரி என இரண்டாகப் பிரிந்தது. இன்று எண்பது வயதைக் கடந்திருப்போர் அந்த மாநிலப் பிரிவினைக்கு முன் பிறந்தவர்கள். அவர்களில் பலருக்கு வீட்டில் கேட்ட மொழி ஒன்று, பள்ளியில் எழுதிய மொழி மற்றொன்று, வழிபாட்டில் பாடிய மொழி இவ்விரண்டும் கலந்த வேறொன்று. இந்த உண்மை பின்னர் மீண்டும் தேவைப்படும்.

ஒரு மனிதர் காலத்தினூடே அதே மனிதராக நீடிப்பதற்கு நினைவே ஆதாரம் என்ற கருத்தை மேலைத் தத்துவத்தில் உறுதியாக நிறுத்தியவர் ஆங்கிலேய அறிஞர் ஜான் லாக். 1694-இல் வெளிவந்த தம் நூலின் இரண்டாம் பதிப்பில் அவர் சேர்த்த அதிகாரத்தின்படி, கடந்தகாலச் செயலைத் தன்னுடையது என்று உணர்வு எவ்வளவு தூரம் எட்டிப்பிடிக்கிறதோ அவ்வளவு தூரமே ஒருவர் அதே ஆளாக இருக்கிறார். இக்கருத்தை அப்படியே ஏற்றால், நினைவு தளரும் முதியவர் தம் வாழ்வின் பகுதிகளை ஒவ்வொன்றாக இழந்து, ஒருநாள் தாமல்லாதவராகிவிடுவார் என்ற முடிவைத் தவிர்க்க முடியாது. இன்று பலர் மறதிநோயைப் பற்றிப் பேசும்போது ஆள் இருக்கிறார், ஆனால் அவர் இல்லை என்று சொல்லும் கொடிய வழக்கத்துக்கும் இதுவே வேர். ஸ்காட்லாந்தின் தாமஸ் ரீட் 1785-இல் இதற்கு எழுப்பிய மறுப்பு இன்றும் வலிமை குன்றாதது. சிறுவயதில் தண்டனை பெற்ற ஒருவர், இளம் அதிகாரியாகிப் போரில் பகைவரின் கொடியைக் கைப்பற்றுகிறார். அப்போது அவருக்குத் தண்டனை நினைவிருக்கிறது. முதுமையில் தளபதியான அவருக்குக் கொடியைக் கைப்பற்றியது நினைவிருக்கிறது, தண்டனை மறந்துவிட்டது. லாக்கின் கணக்குப்படி தளபதியும் அதிகாரியும் ஒருவரே, அதிகாரியும் சிறுவனும் ஒருவரே, ஆனால் தளபதியும் சிறுவனும் ஒருவரல்லர். இந்த முரண்பாட்டிலிருந்து ரீட் வந்தடைந்த முடிவு, ஒருவர் அவராகவே நீடிப்பதை நினைவு உண்டாக்குவதில்லை, அதற்குச் சான்று மட்டுமே பகர்கிறது என்பதாகும்.

தமிழ்ச் சைவ சித்தாந்தம் இதே இடத்துக்கு வேறொரு வழியில், இன்னும் நுட்பமான உடற்கூற்றோடு வந்துசேர்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த மெய்கண்டார், சிவஞானபோதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களில் மூன்றாவதில் உயிர் உண்டு என்பதை நிறுவுகிறார். நான்காவதில், மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்னும் அகக்கருவிகளான அந்தக்கரணங்களுள் எதுவும் உயிர் அன்று என்று பிரித்துக்காட்டுகிறார். நினைப்பதும் நிச்சயிப்பதும் நான் என்று முனைவதும் கருவிகளின் தொழில்கள். அக்கருவிகள் மாயையிலிருந்து தோன்றியவை, ஆகவே சடம், ஆகவே தேயக்கூடியவை. அமைச்சர்களோடு கூடி ஆளும் அரசனைப் போல உயிர் இவற்றோடு கூடி அறிகிறது என்பது அவர் தரும் உவமை. நனவு, கனவு, உறக்கம் முதலிய ஐந்து அவத்தைகளில் கருவிகள் ஒவ்வொன்றாக ஒடுங்குவதும் மீள்வதும் நிகழ்ந்தாலும் உயிர் தொடர்ந்து இருக்கிறது. அந்த நோக்கில், ஒரு பெயரை நினைவுக்குக் கொண்டுவர முடியாமல் தவிக்கும் முதியவரிடம் பழுதுபட்டிருப்பது அமைச்சு, அரசு நீங்கவில்லை.

நெய்யாற்றங்கரையில் 1888-இல் அருவிப்புறத்தில் சிவப் பிரதிட்டை செய்த நாராயண குரு, மலையாளத்திலும் வடமொழியிலும் எழுதியதோடு தமிழிலும் பதிகங்கள் இயற்றியவர். தமிழ் மரபில் வந்த யோகியான தைக்காட்டு அய்யாவு சுவாமிகளிடம் பயின்றவர். 1897-ஆம் ஆண்டளவில் அவர் இயற்றிய ஆத்மோபதேச சதகம் என்னும் மலையாள நூறு செய்யுட்கள், அறிவு என்ற சொல்லையே மெய்ப்பொருளுக்குப் பெயராக ஆள்கின்றன. அதில் ஒரு செய்யுளில் இருட்டில் இருப்பவர் ஒருவரை மற்றொருவர் யாரென்று வினவுகிறார். நான் என்று விடை வருகிறது. திருப்பி வினவப்படும்போது முதலில் கேட்டவரும் நான் என்றே சொல்கிறார். பெயரும் ஊரும் குலமும் தொழிலும் சொல்லப்படுவதற்கு முன்பே, எவ்வித நினைவுச் சான்றும் கேட்கப்படாமலே, இருவரிடத்தும் ஒன்றாக ஒலிக்கும் அந்த விடையைக் குரு அத்வைத உண்மைக்கான வாயிலாகக் கொள்கிறார். நினைவு தளர்ந்தோரைப் பற்றி அவர் பேசவில்லை என்பது உண்மையே. ஆயினும் தேதியையும் பேரப்பிள்ளைகளின் பெயர்களையும் கேட்டுக் கிடைக்கும் மதிப்பெண்ணைக் கொண்டு ஒருவர் எவ்வளவு மிச்சமிருக்கிறார் என்று அளக்க முற்படும் எவருக்கும் அச்செய்யுள் ஒரு தடை எழுப்புகிறது.

இங்கு ஒரு வலுவான எதிர்வாதம் எழும். உயிர் தேயாதது என்றால் தேயும் கருவியைப் பேணுவதற்கு ஏன் இவ்வளவு முயற்சி? நான், எனது என்ற பற்றை விடுவதே சமயங்களின் இலக்கு என்றால், மறதி அந்த இலக்குக்குத் தானாகக் கிடைத்த துணை என்று ஏன் கொள்ளக்கூடாது? வயதானால் எல்லாருக்கும் இப்படித்தான், ஆண்டவன் விட்ட வழி என்று கிராமங்களில் சொல்லப்படும் ஆறுதலுக்குள்ளும் இவ்வாதம் ஒளிந்திருக்கிறது. இதற்கு விடை சித்தாந்தத்துக்குள்ளேயே உள்ளது. ஆணவ மலம் என்னும் அறியாமை மாசால் மறைக்கப்பட்ட உயிர் கருவிகளின் துணையின்றி இம்மையில் எதையும் அறியமாட்டாது. உடலும் உலகமும் அகக்கருவிகளும் அருளால் தரப்பட்டவை. விடியும்வரை விளக்கு வேண்டியிருப்பதுபோல் ஞானம் எய்தும்வரை அவை வேண்டப்படுபவை. துறவு என்பது உள்ளதை அறிந்து விடுவது. மறதியோ கேளாமலே பறிப்பது. மேலும், நினைவு தளரும் தொடக்க நிலையில் அகந்தை கரைவதே இல்லை. தாம் தவறுவது தமக்கே தெரிவதால் அச்சமும் வெட்கமும் சினமும் பெருகி, முன்னைவிட அது இறுகுகிறது. இந்தத் துன்பத்தைக் கண்டும் இதை வைராக்கியம் என்று வாழ்த்துவது தத்துவத்தின் பெயரால் செய்யப்படும் புறக்கணிப்பே.

ஆகவே மறுவாழ்வு முயற்சி வேண்டும். ஆனால் எத்தகைய மறுவாழ்வு என்பதில்தான் மேற்கண்ட தத்துவ வேறுபாடு செயலில் விளைவு காட்டுகிறது. மூளைக் காயமுற்ற போர்வீரர்களுக்காக முதல் உலகப்போர்க் காலத்தில் ஜெர்மனியில் குர்ட் கோல்ட்ஸ்டைனும், இரண்டாம் போரின்போது சோவியத் நாட்டில் அலெக்சாண்டர் லூரியாவும் செய்த பணியிலிருந்து வளர்ந்த இத்துறையில், மூன்று வகை முயற்சிகள் இன்று வேறுபடுத்தப்படுகின்றன. அறிதிறன் பயிற்சி என்பது சொற்களை நினைவில் வைத்தல், எண்களை வரிசைப்படுத்தல் போன்ற குறிப்பிட்ட திறன்களைத் திரும்பத் திரும்பப் பழக்குவது. அறிதிறன் தூண்டல் என்பது குழுவாக அமர்ந்து பேச்சு, பாட்டு, விளையாட்டு, பழைய நினைவுகள் ஆகியவற்றில் ஈடுபடுத்துவது. இங்கிலாந்தில் உருவான இம்முறையைச் சென்னையின் ஸ்கார்ஃப் மனநல நிறுவனம் தமிழுக்கு ஏற்ப மாற்றிப் பயன்படுத்திப் பார்த்துள்ளது. அறிதிறன் மறுவாழ்வு என்பதோ, அந்த ஒரு மனிதருக்குத் தம் வாழ்வில் எது முக்கியமோ அதை இலக்காகக் கொண்டு, அதைத் தொடர்ந்து செய்வதற்கு வேண்டிய வழிகளை அவரோடும் குடும்பத்தாரோடும் சேர்ந்து அமைப்பது.

பயிற்சியின் எல்லை 2002-இல் அமெரிக்காவில் வெளியான ஆக்டிவ் என்னும் பெரிய ஆய்வில் தெளிவானது. 2,832 முதியோர் பங்கேற்ற அதில், பழக்கிய திறன் மேம்பட்டது. ஆனால் நினைவுப் பயிற்சி பெற்றவருக்கு நினைவு மட்டும், தருக்கப் பயிற்சி பெற்றவருக்குத் தருக்கம் மட்டும் என அப்பயன் அந்தந்த எல்லைக்குள் நின்றுவிட்டது. மருந்தின் நிலையும் ஊக்கம் தருவதாக இல்லை. லேசான குறைபாடுடைய 769 பேர் பங்கேற்று 2005-இல் வெளியான மற்றோர் ஆய்வில் டோனெபெசில் என்ற மருந்து முதல் ஓராண்டில் காட்டிய சிறு நன்மை மூன்றாம் ஆண்டில் மறைந்துவிட்டது. இவற்றுக்கு எதிரே வைத்து எண்ணத்தக்கது, பிரித்தானியாவில் லிண்டா கிளேர் தலைமையில் தொடக்கநிலை, நடுநிலை மறதிநோயுள்ள 475 பேரிடம் நடத்தப்பட்டு 2019-இல் வெளியான ஆய்வு. மறுவாழ்வு உதவி பெற்றவர்கள் தாம் தேர்ந்த அன்றாட இலக்குகளில் தெளிவான முன்னேற்றம் கண்டனர். ஆனால் நினைவுச் சோதனைகளின் மதிப்பெண் உயரவில்லை. மருத்துவக் கணக்கில் இது பாதி வெற்றி போலத் தெரியலாம். அறிபவரையும் அறிகருவியையும் பிரித்துப் பார்க்கக் கற்ற ஒருவருக்கு இது முழுப்பொருள் தரும் முடிவு: கருவி பழைய நிலைக்குத் திரும்பாமலே, அதை ஆள்பவர் தம் செயலுக்குத் திரும்பியிருக்கிறார்.

இதற்குரிய வழிகள் எளியவை. தெரியவேண்டிய செய்தியை உடனே ஒருமுறை, சிறிது நேரம் கழித்து மறுமுறை, பின் அதைவிட நீண்ட இடைவெளியில் இன்னொரு முறை என்று வினவிப் பதியவைப்பது இடைவெளி நினைவூட்டல். தவறான விடையை ஊகிக்கவிடாமல் தொடக்கத்திலேயே சரியானதைக் காட்டிப் பழக்குவது பிழையற்ற கற்றல். தவறிய விடையும் நினைவில் பதிந்துவிடும் என்பதால், சொல்லுங்கள் பார்ப்போம் என்று முதியவரைச் சோதிக்கும் வீட்டுப் பழக்கம் நன்மையைவிடத் தீமையே செய்யும். மாத்திரைக்குரிய பெட்டி, சுவரில் நாள்காட்டி, சாவிக்கு ஒரே ஆணி, குறிப்பேடு என வெளியிலுள்ள பொருள்களிடம் நினைவின் சுமையை ஒப்படைப்பதும் இம்முறையின் பகுதியே.

1953-இல் வலிப்பு நோய்க்கான அறுவையில் மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதியை இழந்த அமெரிக்கரான ஹென்றி மொலெய்சன், புதிய நிகழ்ச்சி எதையும் நினைவில் கொள்ள முடியாதவரானார். ஆயினும் கண்ணாடியில் பார்த்து விண்மீன் வடிவத்தை வரையும் பயிற்சியில், முன்பு அதைச் செய்த நினைவே இல்லாமல், நாளுக்கு நாள் கை தேர்ந்தார் என்று பிரெண்டா மில்னர் கண்டறிந்தார். நிகழ்ச்சியை நினைப்பதும் செயலை அறிவதும் மூளையில் வெவ்வேறு வழிகளில் நடக்கின்றன என்பது இதனால் தெளிவாயிற்று. பாலராமபுரத்துத் தறியில் நாடா எறிந்த கையும், பனையில் பாளை சீவிய கையும், அந்தியில் விளக்கேற்றி நாமம் சொல்லும் நாவும் நிகழ்ச்சி நினைவு தளர்ந்த பின்னரும் நெடுநாள் தம் தொழிலை மறவாதிருப்பது இதனாலேயே. நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் திருப்புறத்தில் பிறந்த மோச வத்சலம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைச் சிறுவயதில் ராகத்தோடு கற்ற ஒருவர், காலையில் யார் வந்தார்கள் என்று சொல்லத் தெரியாதபோதும் பாடலை முழுதும் பாடிவிடக்கூடும். அதை வெறும் பழக்கதோஷம் என்று தள்ளுவோரும் உண்டு. ஆனால் வழிபாட்டு மரபுகள் எல்லாம் ஓதலையும் வணங்கலையும் முறைப்படுத்தியது, மனம் ஒத்துழையாத நாளிலும் உடலும் நாவும் வழிபாட்டைத் தாங்கிச் செல்வதற்காகவே என்று கொள்ள இடமுண்டு. அந்நாள் முதுமையில் நீண்டுவிடும்போது மரபு வகுத்த முறை தன் முழுப்பயனைத் தருகிறது. எனவே மறுவாழ்வுத் திட்டத்தில் வழிபாட்டை ஓய்வுநேரப் பொழுதுபோக்காக ஒதுக்காமல், அந்த மனிதர் விரும்பினால், முதல் இலக்குகளில் ஒன்றாகவே வைக்கவேண்டும்.

மொழி வினா இவை எல்லாவற்றையும்விட இக்கிராமங்களுக்கு நெருக்கமானது. 2000-இல் கேம்பிரிட்ஜில் உருவான அடன்புரூக் அறிதிறன் சோதனையின் முதல் ஆசிரியரான பி. எஸ். மதுரநாத், பின்னர் திருவனந்தபுரத்தின் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் அதை மலையாளத்துக்கு ஏற்ப அமைத்தார். நாட்டிலேயே முன்னோடியான பணி அது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நரம்பு அறிதிறன் சோதனைத் தொகுதி 2020-இல் வெளிவந்தபோது இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய ஐந்து மொழிகளில் சரிபார்க்கப்பட்டிருந்தது; அந்த முதல் வரிசையில் தமிழ் இல்லை. இஞ்சிவிளையிலோ செறுவாரக்கோணத்திலோ வீட்டில் தமிழ் பேசி வளர்ந்து, மலையாளத்தில் சில வகுப்புகள் மட்டும் படித்த ஒரு மூதாட்டி, மலையாளச் சொற்பட்டியலைத் திருப்பிச் சொல்லத் தடுமாறினால் அத்தடுமாற்றம் நோயினுடையதா, மொழியினுடையதா என்று பிரித்தறிவது எளிதன்று. எல்லையைத் தாண்டித் தமிழில் சோதித்தாலும் இதே ஐயம் மறுபுறமாக நிற்கும், ஏனெனில் அவருடைய அன்றாடத் தமிழில் மலையாளச் சொற்கள் நிறைந்திருக்கும். இருமொழி வாழ்வு ஒரு குறை என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. ஹைதராபாதில் சுவர்ணா அல்லாடியும் உடன் ஆய்ந்தோரும் மறதிநோயாளர் 648 பேரைப் பரிசீலித்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், இருமொழியாளருக்கு ஏறத்தாழ நாலரை ஆண்டு பிந்தியே நோய் வெளிப்பட்டதாகவும், எழுத்தறியாதோரிடமும் இவ்வேறுபாடு காணப்பட்டதாகவும் தெரிவித்தனர். பின்வந்த ஆய்வுகள் சில இதை உறுதி செய்யவில்லை என்றாலும், எல்லையில் வாழ்வோரின் இரட்டைமொழியைச் சோதனைக்கு இடையூறு என்று கருதாமல் அவர்களுடைய உடைமை என்று கருத இது போதும்.

ஒருவருடைய நினைவு அவருக்குள் மட்டும் இருப்பதில்லை என்பதைக் கிறிஸ்தவ இறையியலாளர் ஜான் ஸ்விண்டன் 2012-இல் எழுதிய நூலில் வேறொரு கோணத்தில் வாதிடுகிறார்: மனிதர் கடவுளை நினைப்பதால் அன்று, கடவுள் மனிதரை நினைத்திருப்பதாலேயே மனிதர் மனிதராக நிலைக்கிறார், ஆகவே மறந்தவரை நினைத்திருப்பது சபையின் கடமை. பாறசாலை ஒருகாலத்தில் லண்டன் மிஷனின் முக்கிய நிலையம். இன்று தென்னிந்தியத் திருச்சபையும் இலத்தீன், மலங்கரைக் கத்தோலிக்கச் சபைகளும் சைவ வைணவக் கோயில்களும் அங்கு அருகருகே உள்ளன. சித்தாந்தமும் அத்வைதமும் கிறிஸ்தவமும் உயிரின் இயல்பைப் பற்றித் தம்முள் உடன்படுவன அல்ல. அவ்வேறுபாட்டை மறைத்து ஒரே குரலாக்குவது நேர்மையாகாது. ஆனால் நினைவின் அளவே மனிதரின் அளவு என்பதை மறுப்பதில் அவை மூன்றும் ஒரே பக்கம் நிற்கின்றன. இம்மறுப்பு மேடைப் பேச்சோடு நின்றுவிட்டால் பயனில்லை. அன்பின் மிகுதியால் முதியவரின் கையிலிருந்து கணக்கையும் அடுப்பையும் கடைக்குப் போவதையும் விளக்கேற்றுவதையும் முதல் தடுமாற்றத்திலேயே வாங்கிவிடும் பிள்ளைகள், அமைச்சன் தளர்ந்தான் என்பதற்காக அரசனை இறக்கிவிடுகிறார்கள்.

லேசான குறைபாட்டு நிலையில் இருப்பவர் தம் விருப்பத்தைத் தெளிவாகச் சொல்ல வல்லவர். பின்னாளில் தமக்கு எத்தகைய மனநல மருத்துவம் வேண்டும், யார் தம் சார்பில் முடிவெடுக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை 2017-ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டம் அளிக்கிறது. அவரிடம் நோயின் பெயரை மறைப்பது இரக்கத்தால் செய்யப்படுவது என்றாலும், அந்த உரிமையைப் பயன்படுத்தும் காலத்தை அவரிடமிருந்து பறித்துவிடுகிறது.

இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தோருள் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதிநோயுடன் வாழ்வதாக 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. நாட்டிலேயே முதியோர் விகிதம் மிக அதிகமான மாநிலம் கேரளம். 2014-இலேயே மறதிநோய்க்கென அரசு முயற்சி ஒன்றைத் தொடங்கியதும் அதுவே. அம்முயற்சியின் அடுத்த அடியாக, பாறசாலைத் தாலுகா மருத்துவமனையிலும் நெய்யாற்றின்கரைப் பொது மருத்துவமனையிலும், எல்லைக்கு அப்பால் குழித்துறையிலும், இருமொழியும் அறிந்தவர் இருமொழியிலும் சோதிக்கும் ஏற்பாட்டை இரு மாநில அரசுகளும் கலந்து செய்தல் வேண்டும். வீட்டில் ஒருவர் சொன்னதையே திரும்பச் சொல்லத் தொடங்கினால், குடும்பத்தார் முதலில் அவருடைய இரத்தத்தையும் காதையும் உறக்கத்தையும் சோதிக்கச் செய்யட்டும்; பின் எந்த வேலையைக் கடைசிவரை தம் கையால் செய்ய விரும்புகிறார் என்று அவரிடமே, அவருடைய மொழியிலேயே, கேட்கட்டும்.